காதில் விழாத பாடம்

மாலையில் பணி முடிந்து வீடு திரும்பும் தந்தை, செருப்பைக் கழற்றும்போதே பேசத் தொடங்குகிறார். மேற்பார்வையாளர் இன்று யாரைக் கடிந்துகொண்டார், மிகைநேரக் கூலி என்று கைக்கு வரும், பக்கத்து இயந்திரத்தில் நின்றவன் ஏன் வேலையை விட்டான், சேமநல நிதிப் பிடித்தம் எவ்வளவு என்றெல்லாம் தாயிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார். கூடத்தின் மூலையில் அமர்ந்து வீட்டுப்பாடம் எழுதும் பிள்ளையை நோக்கி அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஆயினும் பிள்ளை கேட்டுக்கொண்டிருக்கிறது. பதினைந்து ஆண்டுகள் இவ்வாறு கேட்டுக் கேட்டே, வேலை என்பது என்ன, முதலாளி என்பவர் யார், விடுப்புக் கேட்கும் முறை யாது, எவ்விடத்தில் பொறுக்க வேண்டும், எவ்விடத்தில் பொறுக்கலாகாது என்பனவற்றை அது அறிந்துகொள்கிறது. இந்தக் கல்வியைக் கற்பித்தவர் என்று ஒருவர் இல்லை. காதில் விழுந்தது, அவ்வளவே.

அதே கூடத்தில் அமர்ந்திருக்கும் பிள்ளைக்குக் காது கேளாதெனின், தந்தையின் உதடுகள் அசைவதையும் தாயின் முகம் வாடுவதையும் அது காண்கிறது. என்ன நேர்ந்தது என்று கையால் வினவினால், "ஒன்றுமில்லை, பிறகு சொல்கிறேன்" என்னும் கையசைப்பே விடையாகக் கிடைக்கிறது. அந்தப் 'பிறகு' வருவதே இல்லை. காது கேளாத குழந்தைகளுள் மிகப் பெரும்பாலோர் காது கேட்கும் பெற்றோர்க்குப் பிறந்தவர்கள். அப்பெற்றோருள் சைகை மொழி கற்றவர் அரியர். எனவே பத்தாம் வகுப்பைத் தேறி வெளிவரும் காது கேளாத இளைஞர், கணக்கிலும் அறிவியலிலும் தம் தோழர்க்கு நிகராக இருந்தபோதும், வேலை என்னும் உலகைப் பற்றி ஒன்றும் அறியாதவராகவே பணியிடத்தின் வாயிலில் நிற்கிறார். காது கேளாதோர் பள்ளிகளின் உயர்நிலை வகுப்புகளிலேயே பணிக்களப் பயிற்சியைக் கட்டாயமாக்க வேண்டும் என்று நாம் வற்புறுத்துவதன் முதற்காரணம் இதுவே. இரக்கத்துக்கு இதில் இரண்டாம் இடமும் இல்லை.

2011-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கு, இந்தியாவில் 2.68 கோடிப் பேர் மாற்றுத்திறனாளிகள் என்றது. அவர்களுள் செவித்திறன் குன்றியோர் ஏறத்தாழ 50.7 லட்சம். மாற்றுத்திறனாளிகளுள் ஏதேனும் ஒரு தொழிலில் ஈடுபட்டிருந்தோர் நூற்றுக்கு 36 பேர் மட்டுமே என்பதும் அதே கணக்கின் செய்தி. இவ்வெண்களைத் தலையங்கங்களில் எழுதுவதும், எழுதியபின் மறப்பதும் நம் நாட்டு வழக்கமாகிவிட்டது. ஆதலால் நாடு முழுவதையும் விட்டு, நாம் வாழும் பெங்களூரு மாநகரை மட்டும் எடுத்துக்கொள்வோம். உழைப்புக்கு இடந்தரும் ஊர் என்று தெற்கே கன்னியாகுமரி வரை பெயர்பெற்ற இந்நகரம், தன் தெருவிலேயே வளர்ந்த காது கேளாத பிள்ளைக்கு எந்த வயதில், எந்த வழியில் தன் கதவைத் திறக்கிறது என்பதே நம் வினா.

அல்சூர் ஏரிக்கரையில் திருவள்ளுவர் சிலை நிற்கிறது. பதினெட்டு ஆண்டுகள் மூடப்பட்டிருந்து, 2009 ஆகஸ்டில் திறக்கப்பட்ட சிலை அது. வள்ளுவர் கேள்விக்கென ஓர் அதிகாரம் வகுத்தார் என்பதைத் தமிழர் யாவரும் அறிவர். செவியின் பெருமை பேசுவோர் அதையே எடுத்துக்காட்டுவர். அவரே குறிப்பறிதல் என்னும் தலைப்பில் இரண்டு அதிகாரங்கள் பாடியிருப்பதைப் பலர் கருதுவதில்லை. ஒன்று காமத்துப்பாலில் வருவது. மற்றொன்று பொருட்பாலில், எழுபத்தொன்றாம் அதிகாரமாக, அமைச்சர்க்குரிய தகுதிகளின் வரிசையில் வருவது. வாய் திறந்து சொல்லாததை முகத்திலும் கண்ணிலும் படித்தறிதலை அரசவையில் பணிபுரிவோனுக்குரிய உயர் திறனாக வைத்தார் வள்ளுவர். காது கேளாதோர் பிறந்தது முதல் பயிலும் கலை அது. அக்கலையில் தேர்ந்தவரைப் பணிக்குத் தகாதவர் என்று ஒதுக்கும் சமுதாயம், தானே அக்கலையை அறியாதது என்றுதான் கொள்ள வேண்டும்.

பெங்களூருவைக் குறை மட்டும் சொல்லி நிறுத்துவது நேர்மையாகாது. இத்துறையில் இந்தியாவின் பிற நகரங்கள் பார்த்துக் கற்கத்தக்க பணிகள் இங்கு நடந்துள்ளன. லிங்கராஜபுரத்தில் இயங்கும் மாற்றுத்திறனாளிகள் சங்கமாகிய ஏ.பி.டி., 1959-இல் தோன்றியது. பள்ளிக் கல்வியோடு தொழிற்பயிற்சியையும், குறிப்பாகத் தோட்டக்கலைப் பயிற்சியையும் அளித்துவருகிறது. 1999-இல் சாந்தி ராகவனும் தீபேஷ் சுதாரியாவும் தொடங்கிய எனேபிள் இந்தியா, ஒரு வேலையைக் கூறுகூறாகப் பிரித்து, எந்தக் கூறில் எத்தகைய ஏற்பாடு செய்தால் எத்தகைய மாற்றுத்திறனாளி அதைச் செய்யலாம் என்று நிறுவனங்களுக்குக் காட்டியது. 2006-இல் தோன்றிய விந்தியா என்னும் நிறுவனம், மாற்றுத்திறனாளிகளைப் பெரும்பான்மையாகக் கொண்டே தரவுப் பணிகளைச் செய்து, வணிகமாகவும் நிலைத்துக் காட்டியது. கஃபே காஃபி டே தன் கடைகளில் காது கேளாத இளைஞரைக் காபி தயாரிப்பில் அமர்த்தியது. மாற்றுத்திறனாளிகளைக் கொண்டு இயங்கும் மிட்டி கஃபேயின் கிளை 2023 நவம்பரில் உச்ச நீதிமன்ற வளாகத்திலேயே திறக்கப்பட்டதை நாடு கண்டது.

இவையெல்லாம் போற்றத்தக்கன. ஆயினும் ஒன்றை உற்று நோக்குக: இவற்றுள் பெரும்பாலானவை பள்ளிப் படிப்பு முடிந்த பின் தொடங்குகின்றன. பதினெட்டு வயதைக் கடந்து, வீட்டில் ஓரிரு ஆண்டுகள் சும்மா இருந்து, தன்னம்பிக்கை தேய்ந்த பிறகு, யாரோ ஒருவர் சொல்லக் கேட்டுப் பெற்றோர் அழைத்து வரும் இளைஞர்க்கே இப்பயிற்சிகள் கிட்டுகின்றன. அங்கே வரும் பயிற்றுநர், மென்பொருளையோ விற்பனையையோ கற்பிக்குமுன், மணிக்கு வருதல், சம்பளச் சீட்டைப் படித்தல், புரியாததைப் புரியவில்லை என்று சொல்லுதல் ஆகியவற்றைக் கற்பிக்க வேண்டியிருக்கிறது. பதினான்கு வயதில் கற்றிருக்க வேண்டியவை அவை. பள்ளி செய்யத் தவறியதைத் தொண்டு நிறுவனங்கள் பின்னாலிருந்து ஈடுசெய்துகொண்டிருக்கின்றன.

பள்ளியின் வாயிலிலிருந்து தொழிற்சாலையின் வாயிலுக்கு இளைஞரை நேரே அழைத்துச் செல்லலாகாதா? செல்லலாம் என்பதற்கு நாற்பது கிலோமீட்டர் தொலைவிலேயே சான்று உண்டு. டாட்டா குழுமமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் கூடி 1984-இல் நிறுவிய டைட்டன் நிறுவனம், ஒசூரில் கைக்கடிகார ஆலையை அமைத்தபோது, தேர்ந்த தொழிலாளரைப் பெருநகரங்களிலிருந்து கொண்டுவர முயலவில்லை. அந்நாளைய தருமபுரி மாவட்டத்துச் சிற்றூர்களில் பள்ளிப் படிப்பை முடித்த பதினேழு, பதினெட்டு வயது இளைஞரைத் தேர்ந்தெடுத்தது. வீட்டை விட்டுப் பிரிந்து வந்த அவர்களைப் பேண, ஒசூரில் வளர்ப்புப் பெற்றோர் போன்ற ஏற்பாட்டையும் செய்தது. நுண்ணிய உறுப்புகளைக் கோக்கும் அவ்வேலைக்குக் காது கேளாதோர் உள்ளிட்ட மாற்றுத்திறனாளிகளையும் தொடக்கக் காலத்திலிருந்தே சேர்த்துக்கொண்டது. கிராமத்துப் பிள்ளைக்கு ஆலை வாழ்க்கை புதிது என்பதை உணர்ந்து, அந்தப் புதுமையை ஒரு குறையாகக் கருதாமல், பழக்குதலைத் தன் கடமையாக ஒரு தொழிலகம் ஏற்றது. நாம் கேட்பது அந்த மனப்பாங்கையே. மூன்றாண்டுகள் முன்னதாக, பள்ளியில் இருக்கும்போதே, அரசின் ஒழுங்குமுறைக்கு உட்பட்டு அது நிகழ வேண்டும் என்பது மட்டுமே நாம் கூட்டும் திருத்தம்.

காது கேளாதோர்க்குத் தொழில் கற்பிக்கும் எண்ணம் நம் நாட்டுக்குப் புதிதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பாளையங்கோட்டையில் பிளாரன்ஸ் ஸ்வெயின்சன் அம்மையார் தொடங்கிய பள்ளி இன்றும் அவர் பெயராலேயே இயங்குகிறது. இலங்கையில் 1912-இல் மேரி சாப்மன் அம்மையார் தொடங்கிய பள்ளி பின்னர் இரத்மலானையில் நிலைபெற்றது. இவை போன்ற பழைய பள்ளிகளின் காலத்தில் தையல், தச்சு, நெசவு, அச்சு, புத்தகம் கட்டுதல் ஆகியவையே காது கேளாதோர்க்கு உரியனவாகக் கருதப்பட்ட தொழில்கள். அமெரிக்கச் செய்தித்தாள் அச்சகங்களில் காது கேளாத அச்சுக்கோப்பாளர் பெருந்திரளாகப் பணிபுரிந்தனர். இயந்திரங்களின் பேரிரைச்சல் அவர்களைத் தொல்லை செய்யவில்லை. ஈய எழுத்துகள் போய்க் கணினி வந்தபோது அத்தொழில் ஒரு தலைமுறைக்குள் மறைந்தது. பள்ளிகளின் தொழிற்கூடங்களோ அவ்வளவு விரைவில் மாறவில்லை. உலகம் மாறிய பின்னும் பழைய தையற் பொறியும் பழைய இழைப்புளியும் பல பள்ளிகளில் தங்கிவிட்டன.

இங்கே ஒரு தவற்றை நாம் கவனிக்க வேண்டும். பள்ளிக்குள் ஒரு தொழிலைக் கற்பிப்பது வேறு. மாணவரைப் பணிக்களத்துக்கு அனுப்புவது வேறு. 1964 முதல் 1966 வரை அமர்ந்த கோத்தாரிக் குழு, 'பணி அனுபவம்' என்னும் சொல்லை இந்தியக் கல்வியில் புகுத்தியது. 1977-இல் ஈசுவர்பாய் படேல் குழு அதைச் 'சமூகப் பயனுள்ள ஆக்கப் பணி' என்று விரித்தது. நோக்கம் உயர்ந்ததே. நடந்தது யாது? நம்முள் ஐம்பது வயதைக் கடந்தோர் நினைவுகூர்வர்: காகிதப் பூவும் ஒயர்க்கூடையும் செய்து, மதிப்பெண் பெற்று, வீட்டுக்கு எடுத்துச் சென்றோம். அதில் அனுபவமும் இல்லை, பணியும் இல்லை. 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை பத்து நாள்கள் புத்தகப் பை இன்றி உள்ளூர்க் கைவினைஞரிடம் கற்கும் ஏற்பாட்டைச் சொல்கிறது. கர்நாடக அரசு அக்கொள்கையை ஏற்காமல் 2023-இல் சுகதேவ் தோரட் தலைமையில் தனி ஆணையம் அமைத்தது. எந்தக் கொள்கை வெல்லும் என்னும் பூசலில் நாம் புகவில்லை. எது வந்தாலும், காது கேளாத மாணவர்க்குப் பத்து நாள் போதாது என்பதே நம் கருத்து.

பணிக்களப் பயிற்சி எவ்வாறு அமைதல் வேண்டும்? இதைச் சற்று விரித்துரைப்பது தகும்; நல்ல நோக்கங்கள் பெரும்பாலும் ஏற்பாட்டின் குறையால்தான் அழிகின்றன.

எட்டாம் வகுப்பில் மாணவர் பார்வையாளராகச் செல்லட்டும்: அஞ்சலகம், அச்சகம், உணவகத்தின் சமையற்கூடம், பீண்யாவின் ஒரு லேத்துப் பட்டறை, மின்னணு நகரத்தின் ஓர் அலுவலகம். போய்வந்த மறுநாள் வகுப்பில் சைகையால் தாம் கண்டதை விளக்கட்டும். ஒன்பதாம் வகுப்பில் வாரத்துக்கு ஒருநாள், ஒரே இடத்துக்கு, ஒரு பருவம் முழுவதும் சென்று பழகட்டும். பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்து முடிவு வரும்வரை உள்ள கோடையில், ஒரு மாதம் முழு நேரமும் உதவித்தொகையோடு பணிபுரியட்டும். முதல் இரண்டு நாள்கள் ஆசிரியரோ சைகை மொழிபெயர்ப்பாளரோ உடன் இருத்தல் வேண்டும். மூன்றாம் நாள் அவர் விலகிவிடுதல் அதனினும் இன்றியமையாதது. எழுதிக் காட்டியும், சுட்டிக் காட்டியும், கைப்பேசியில் தட்டச்சிட்டும், இரு தரப்பாரும் தாமே ஒரு வழியைக் கண்டுகொள்ளும் அந்தத் தடுமாற்றமே பயிற்சியின் உயிர். இடையில் எப்போதும் ஒருவர் நின்று மொழிபெயர்த்துக்கொண்டிருந்தால் மாணவர் மொழிபெயர்ப்பாளரோடு பழகுவார், பணியிடத்தோடு பழகமாட்டார்.

மாணவர் செல்லுமுன் பணியிடமும் ஆயத்தமாக வேண்டும். உடன் பணிபுரிவோர் ஐம்பது சைகைகளைக் கற்பதற்கு ஒரு பிற்பகல் போதும். நில், ஆபத்து, சரி, தவறு, மீண்டும் செய், யார், எப்போது, நன்றி: இவற்றைக் கொண்டே ஒரு பட்டறை நாள் முழுவதும் நடந்துவிடும். ஒலிக்கும் எச்சரிக்கை மணியோடு சிமிட்டும் விளக்கு ஒன்றையும் இணைப்பதற்குப் பெருஞ்செலவு ஆகாது. அழைப்பதற்குத் தோளைத் தொடலாம், மேசையைத் தட்டலாம், விளக்கை அணைத்து ஏற்றலாம். முதுகுக்குப் பின்னிருந்து கத்துவதால் பயனில்லை என்பதை ஒருமுறை சொன்னால் யாரும் மறக்கமாட்டார். காலைக் கூட்டத்தில் வாய்மொழியாகச் சொல்லப்படும் கட்டளையைப் பலகையில் எழுதிவைத்தால், காது கேட்கும் தொழிலாளரும் அதனால் பயனடைவர். இதைச் செய்து பார்த்த பணியிடங்கள் இதை ஒரு சலுகையாக எண்ணுவதில்லை.

இவை யாவற்றினும் பெரிதாக நாம் கருதுவது ஒன்றுண்டு. காது கேளாத மாணவர், தம்மைப் போன்றே காது கேளாத, வேலை பார்த்துக் குடும்பம் நடத்தும் ஒரு மூத்தவரைக் காண வேண்டும். வளர்ந்தால் தமக்கும் காது கேட்கத் தொடங்கிவிடும் என்று நம்பும் சிறுபிள்ளைகள் உண்டு. காது கேளாத பெரியவர் ஒருவரையும் அவர்கள் கண்டதில்லை என்பதால் வரும் நம்பிக்கை அது. 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றத்தில் சைகை மொழிபெயர்ப்பாளரின் துணையோடு முன்னிலையான வழக்கறிஞர் சாரா சன்னி, இந்தப் பெங்களூருவில் சட்டம் படித்தவர். 2024 ஏப்ரலில் கர்நாடக உயர் நீதிமன்றத்தில் வாதிட்டவர். அவரைப் போன்றவர் ஒருவர் ஒரு மணி நேரம் ஒன்பதாம் வகுப்பில் நின்று சைகையால் பேசினால், ஆண்டு முழுதும் நடக்கும் நீதிபோதனை வகுப்பு தராததை அது தரும். வழக்கறிஞரே வரவேண்டும் என்பதில்லை. உணவு கொண்டு சேர்க்கும் வண்டியோட்டியாகப் பணிபுரியும் காது கேளாத இளைஞர் வரினும் சாலும். 2011-இல் தில்லி உயர் நீதிமன்றம் வழிதிறக்கும் வரை காது கேளாதோர்க்கு ஓட்டுநர் உரிமமே எட்டாக் கனியாக இருந்தது என்பதை அவர் வாயிலாகவே, அதாவது அவர் கைவாயிலாகவே, மாணவர் அறியட்டும்.

மொழியைத் தொடாமல் இப்பொருளை முடிக்க இயலாது. 1880-இல் இத்தாலியின் மிலான் நகரில் கூடிய கல்வியாளர், காது கேளாதோர் பள்ளிகளில் சைகையை விலக்கி வாய்மொழியையே கற்பிக்க வேண்டும் என்று தீர்மானித்தனர். அதற்கு வருத்தம் தெரிவிக்க 2010 வரை, வான்கூவர் மாநாடு வரை, 130 ஆண்டுகள் ஆயின. அத்தீர்மானத்தின் நிழல் நம் பள்ளிகளிலும் நீண்டது. இந்திய சைகை மொழி ஆராய்ச்சி, பயிற்சி மையம் 2015-இல்தான் தோன்றியது. அதன் அகராதி 2018-இல் 3,000 சொற்களோடு வெளிவந்து, 2021-இல் 10,000 சொற்களாக வளர்ந்தது. தொழில்நுட்பச் சொற்களும் வேளாண் சொற்களும் அதில் இடம்பெற்றன. நல்ல தொடக்கம். ஆயினும் லேத்தின் ஒவ்வோர் உறுப்புக்கும் ஏற்ற சைகையைத் தில்லியில் அமர்ந்து படைத்துவிட முடியாது. பட்டறையில் நிற்கும் காது கேளாத தொழிலாளியே அதைப் படைப்பார். பணிக்களப் பயிற்சி, மொழி வளரும் களமும் ஆகும்.

பெங்களூருவில் இச்சிக்கல் இன்னும் ஒரு மடங்கு கூடுகிறது. வீட்டில் தமிழோ தெலுங்கோ உருதோ, தெருவில் கன்னடம், பள்ளியில் கன்னடமோ ஆங்கிலமோ, தோழரிடையே சைகை என்று நான்கு உலகங்களுக்கு இடையே வளரும் பிள்ளை, நான்கிலும் அரைகுறையாக நின்றுவிடும் இடர் உண்டு. கர்நாடகமும் தமிழ்நாடும் பொதுத்தேர்வில் காது கேளாத மாணவர்க்கு மொழித்தாளில் விலக்கு அளிக்கின்றன. தேர்ச்சி எளிதாகிறது, உண்மைதான். விலக்குப் பெற்ற மொழியே வேலைக்கான விண்ணப்பத்தின் மொழியாக இருக்கும்போது, அன்று காட்டிய இரக்கம் பின்னர்த் தடையாகிறது. விலக்கை நீக்குக என்று நாம் சொல்லவில்லை. விலக்களித்த பின் அம்மொழியை வேறு வழியில் கற்பிக்காமல் விடுதலையே குற்றம் என்கிறோம். பணியிடத்தில் ஒரு மின்னஞ்சலைப் படித்துப் பதில் எழுத வேண்டிய நிலை வரும்போது, இலக்கணப் பாடம் தராத ஆர்வத்தை அத்தேவை தருகிறது.

சட்டம் என்ன சொல்கிறது? 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அரசுப் பணியிடங்களில் 4 விழுக்காட்டை ஒதுக்கி, அதில் 1 விழுக்காட்டைக் காது கேளாதோர்க்கும் செவித்திறன் குன்றியோர்க்கும் உரியதாக்கியது. தொழிற்பயிற்சித் திட்டங்களில் மாற்றுத்திறனாளிகளைச் சேர்க்குமாறு அதன் 19-ஆம் பிரிவு பணிக்கிறது. ஒவ்வொரு நிறுவனமும் சமவாய்ப்புக் கொள்கை ஒன்றை வெளியிட வேண்டும் என்கிறது 21-ஆம் பிரிவு. தனியார் துறையில் 5 விழுக்காடேனும் மாற்றுத்திறனாளிகள் இருக்குமாறு ஊக்கம் அளிப்பதை 35-ஆம் பிரிவு அரசிடம் விடுகிறது. ஆனால் 'பொருளாதார ஆற்றலுக்கு உட்பட்டு' என்னும் கதவிடுக்கையும் திறந்தே வைக்கிறது. பணியிடத்தில் தக்க ஏற்பாடுகளைச் செய்யும் கடமையை 20-ஆம் பிரிவு வெளிப்படையாக அரசு நிறுவனங்கள் மீதே சுமத்துகிறது. பெங்களூருவின் வேலைகளோ பெரும்பாலும் தனியாரிடம் உள்ளன. அரசுப் பணிக்கான ஒதுக்கீட்டை எண்ணிக்கொண்டு தனியார் வாயிலை மறந்திருத்தல் இந்நகரத்துக்குப் பொருந்தாது.

கர்நாடக அரசு 2023-இல் தொடங்கிய யுவநிதித் திட்டம் வேலையற்ற பட்டதாரிக்கு மாதம் 3,000 ரூபாயும் பட்டயதாரிக்கு 1,500 ரூபாயும் தருகிறது. பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றவர்க்கு அதில் இடமில்லை. காது கேளாதோருள் பலர் அங்கேதான் நிற்கின்றனர். பதினாறு வயது மாணவர் ஒரு மாதம் பணி பழகுவதற்கு உதவித்தொகை தர இத்திட்டத்தின் சிறு பகுதியே போதுமே! அமெரிக்காவில் 2014-இல் இயற்றப்பட்ட சட்டம், மாநிலங்களின் தொழில் மறுவாழ்வு நிதியில் 15 விழுக்காட்டை மாற்றுத்திறன் மாணவரின் முன்பணிப் பயிற்சிக்கென்றே ஒதுக்கச் செய்தது. தொழிலை ஆராய்தல், பணிக்களத்தில் கற்றல், மேற்படிப்புக்கு வழிகாட்டல், பணியிட ஒழுக்கம், தன் உரிமைக்காகத் தானே பேசுதல் என ஐந்து கூறுகளை அது வரையறுத்தது. ஜப்பானின் சிறப்புப் பள்ளிகளில் உயர்நிலை மாணவர் தொழிலகங்களுக்குச் சென்று களப்பயிற்சி பெறுவது நெடுநாள் வழக்கம். அமெரிக்கச் சட்டத்தின் ஐந்தாம் கூறே நமக்கு மிகுதியும் வேண்டப்படுவது.

ஏனெனில், காது கேளாதோரைப் பணிக்கு அமர்த்தும் முதலாளிகள் சிலர் அவர்களைப் புகழும் முறை நமக்கு அச்சம் தருகிறது. "அரட்டை அடிப்பதில்லை, வேலையை விட்டுப் போவதில்லை, எதிர்த்துப் பேசுவதில்லை" என்கின்றனர். மௌனத்தைத் தகுதியாக்கும் இப்புகழ்ச்சியில் ஒரு கொடுமை மறைந்திருக்கிறது. வேறிடம் கிடைக்காது என்பதால் போகாதவரை உண்மையானவர் என்றும், குறையைச் சொல்ல வழியில்லாதவரைப் பொறுமையானவர் என்றும் அழைப்பது எவ்வகை நீதி? பத்தாண்டு ஒரே மேசையில் அமர்ந்து, பதவி உயர்வு என்பது ஒன்று உண்டு என்பதையே அறியாமல் இருக்கும் தொழிலாளர் உளர். காபி இயந்திரம், தரவுப் பதிவு, பொட்டலம் கட்டுதல் என்னும் மூன்று வேலைகளுக்குள் ஒரு சமூகத்தையே அடைத்துவிட்டு, நாம் வாழ்வளித்தோம் என்று பெருமை கொள்வதும் தகாது. மென்பொருள் சோதனையும் அசைவுப்பட வரைகலையும் நடக்கும் இந்நகரில் காது கேளாத இளைஞர் ஏன் அவற்றின் பக்கமே அழைத்துச் செல்லப்படுவதில்லை?

இளையோரைப் பணியிடத்துக்கு அனுப்புவதில் இடர்களும் உண்டு. அவற்றை மறைத்தல் கூடாது. பயிற்சி என்னும் பெயரால் கூலியில்லா உழைப்பைக் கறக்கும் வழக்கம் நம் நாட்டுக்குப் புதிதன்று. பதினான்கு வயதுக்குக் கீழ்ப்பட்டோரை வேலையில் அமர்த்துவதும், பதினெட்டுக்குக் கீழ்ப்பட்டோரை ஆபத்தான தொழிலில் ஈடுபடுத்துவதும் 2016-இல் திருத்தப்பட்ட சட்டத்தால் தடுக்கப்பட்டவை. 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டமும் வயது வரம்பை வகுத்துள்ளது. இச்சட்டங்களின் எல்லைக்குள், பள்ளியும் தொழில்துறையும் கையொப்பமிட்ட உடன்பாட்டின்படி, நேரமும் தொகையும் வரையறுத்தே பயிற்சி நடைபெற வேண்டும். பெண்பிள்ளைகளின் பாதுகாப்பு பற்றிப் பெற்றோர் கொள்ளும் அச்சத்தையும் இகழ்தல் ஆகாது. கூப்பிட்ட குரலுக்கு வர இயலாத, கூவி உதவி கேட்க இயலாத மகளைத் தொலைவிடத்துக்கு அனுப்பும் தாயின் உள்ளம் எப்படிப் பதைக்கும்! மாநில அரசின் சக்தித் திட்டத்தால் பேருந்துக் கட்டணம் இன்று அவளுக்குத் தடையில்லை. துணைக்கு இன்னொரு மாணவியை அதே பணியிடத்துக்கு அனுப்புவதும், பொறுப்பான பெண் ஊழியர் ஒருவரைக் குறித்து வைப்பதும் பள்ளியின் கடமை.

இவற்றைச் செய்ய ஆள் வேண்டும். பட்டயம் பெற்ற சைகை மொழிபெயர்ப்பாளர் இந்நாடு முழுவதற்கும் சில நூறு பேரே உள்ளனர். ஒவ்வொரு காது கேளாதோர் பள்ளியிலும் பணிக்களப் பயிற்சிக்கென்றே ஓர் ஆசிரியரை, இயலுமாயின் காது கேளாதவரையே, அமர்த்துமாறு கர்நாடகக் கல்வித் துறையைக் கேட்கிறோம். பொதுப்பள்ளிகளில் ஒருவர் இருவராகச் சிதறிப் படிக்கும் காது கேளாத மாணவரைக் கணக்கெடுத்து, அவர்களையும் இப்பயிற்சியில் சேர்க்குமாறு கேட்கிறோம். ஒரு பள்ளியில் தனியனாய் அமர்ந்திருக்கும் அம்மாணவனே யாவரினும் மிகுதியாக ஒதுங்கிக் கிடக்கிறான்.

அரசு அசையும் வரை காத்திருக்கத் தேவையில்லாதோர் சிலரும் உளர். பீண்யாவில் பட்டறை வைத்திருப்போர், சிவாஜி நகரில் கடை நடத்துவோர், மின்னணு நகரத்து அலுவலகங்களில் ஆள் சேர்க்கும் பொறுப்பில் இருப்போர், அச்சகம் நடத்துவோர், உணவகம் நடத்துவோர் ஆகிய பலர் இத்தலையங்கத்தைப் படிப்பீர்கள். உங்களுள் பலர் ஒரு நாள் யாரோ ஒருவர் முக்காலி ஒன்றை இழுத்துப் போட்டு, "உட்கார், பார்த்துக்கொள்" என்று சொன்னதால் இத்தொழிலுக்குள் வந்தவர்கள். வரும் கோடையில் இரண்டு வாரத்துக்கு, ஒரு மாணவர்க்கு, அந்த முக்காலியை இழுத்துப் போடுங்கள். உங்கள் பகுதிக்கு அருகிலுள்ள காது கேளாதோர் பள்ளியின் தலைமையாசிரியர்க்கு இவ்வாரமே ஒரு கடிதம் எழுதுங்கள்.